இரண்டு காலும் அந்தரத்தில்

"இன்னொரு வாட்டி குதி தங்கச்சி" என்றான் சரண். மணமக்களை வரப்புக்கு வரப்பு துள்ளவைத்துப் பேர் வாங்கிய புகைப்படக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்சாலையில், பெயின்ட் டிரம் மேல் நின்றிருந்த தேவிப்பிரியா கீழே தரையைப் பார்த்தாள். அவள் ஓடுகிறவளோ தாண்டுகிறவளோ அல்ல, வேகநடைக்காரி. ஒரு கால் எப்போதும் தரையில் பட்டிருக்க வேண்டும். அந்தப் போட்டிக்கு அதுதான் சட்டம், அதுதான் சாஸ்திரம். இரண்டும் எழும்பினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார். மூன்று விழுந்தால் வெளியே. போன வருடம் அவள் அப்படித்தான் வெளியே வந்தாள். வருகிற ஞாயிறு மாநில அணிக்கான தேர்வு. அவள் வயதுக்கு ஜூனியர் பிரிவில் இதுவே கடைசி.

"அண்ணா, ரெண்டு காலும் தூக்குனா எங்க ஆட்டத்துல தப்பு. நடக்கிற மாதிரியே எடுங்களேன்."

"எடுத்தேனே! ரேஷன் கடைல பாமாயில் தீந்துடப் போவுதுன்னு போற மாரி கீது."

நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த திருவேங்கடம் குலுங்கிச் சிரித்தார். நட்டு போல்ட் கம்பெனி முதலாளி. விசிட்டிங் கார்டில் 'விளையாட்டுலகின் விடிவெள்ளி'. அவள் காலணிகள் அவர் வாங்கித் தந்தவை. அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை; பேசும்போது காலணியைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

"நடக்கிறதுல இன்னாம்மா கீது? சுகருக்காக நானுந்தான் டெய்லி நடக்கிறேன். எவனாவது எனக்கு பேனர் வெச்சானா? பறக்கணும்மா!" என்று காலணியைப் பார்த்தார்.

அவள் பறந்தாள்.

ஞாயிறு காலை ஆவடியில், புறப்படும் கோட்டுக்கு நேர் மேலே, பேனரில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நெருப்பு, ஒரு கழுகு, மேகத்துக்குள்ளிருந்து கைகூப்பும் திருவேங்கடம். அவள் பாதங்களுக்கும் பூமிக்கும் நடுவே ஓர் ஆட்டோ தாராளமாகப் போகலாம். 'வேகநடைப் புயலே வருக!'

அமைப்பாளர் கன்னியப்பனிடம் ஓடினாள். "அத்தக் கழட்டச் சொல்லுங்க சார்."

"சீஃப் கெஸ்ட்டே அவருதாம்மா. டிபனும் அவரோடது. பொங்கல் ஆறுதுன்னு கூப்புட்டுகினு கீறாங்க, நீ வேற."

பெண்கள் ஒன்பது பேரும் கோட்டில் நின்றார்கள். மூத்த நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனரை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு அவள் மார்பிலிருந்த எண்ணை. கால்சட்டையை முழங்காலுக்குமேல் சற்று இழுத்துவிட்டுச் சாலையோரம் குந்தினார். காலணிக்குள் பத்து விரல்களையும் மடக்கித் தார்ச்சாலையைக் கவ்விக்கொள்வதுபோல அழுத்தினாள் தேவிப்பிரியா. விசில் இன்னும் ஊதவில்லை. அவரோ, இன்னும் நகராத அந்தப் பாதங்களுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.