இஸ்திரி போடக் கூடாத சட்டை

பக்கவாதத்தில் என் அண்ணனுக்கு வலது கை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, சாப்பாட்டில் குறை சொல்லும் பழக்கமும் திரும்பி வந்துவிட்டது. கை மட்டும் மடங்கியபடியே நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசை வேலை அவருக்கு. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், உங்களால் முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே சீருடை, ஏழு பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை.

"நீ பொத்தான் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போறதா இருந்தா, போகவே மாட்டேன்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

நான் தையல்காரி. இருபது வருஷமாக ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்த கை இது. அந்த வாரம்தான் பொத்தான் என்ற சாமானையே கண்டால் எனக்கு எரிந்தது. இடது கையால் அண்ணன் அரைமணி நேரம் போராடிப் பார்த்தார், இரண்டைக்கூடப் போட முடியவில்லை. அந்த நேரத்தில்தான் ரவிக்கை அளவு கொடுக்க வந்த ஒரு பெண் தன் கைப்பையை 'டக்'கென்று மூடினாள். காந்தம். அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே கிளம்பிவிட்டேன்.

பழைய மோட்டார், ஸ்பீக்கர் சாமான் விற்கிற கடையில் நியோடிமியம் என்கிற, அளவில் சின்னதானாலும் பலமான காந்தம் கிடைக்கும் என்றார்கள். கடைக்காரரிடம் போய், "இருக்கறதுலயே பலமானதா பதினாலு குடுங்க ஐயா" என்றேன். அவர் கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் போலக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எதுக்கும்மா?"

"சட்டைக்கு. பொத்தானுக்குப் பதிலா."

"போடறவருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது வச்சிருக்காங்களா?"

"இல்லை."

"வச்சிருக்கற யாரையாவது கட்டிப்பிடிப்பாரா?"

"எங்கண்ணன் கட்டின பொண்டாட்டியையே நாலு பேர் முன்னாடி தொட மாட்டாரு."

"வீட்ல சின்னப் பிள்ளைங்க? ரெண்டு காந்தத்தை முழுங்கிட்டா, குடலை நடுவுல வச்சு ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். உயிருக்கே ஆபத்தும்மா."

அதுவும் இல்லை என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். திங்கட்கிழமைக்கு ஒன்றரை நாள்தான் இருக்கிறது, இந்த மனிதர் சாவகாசமாக விசாரணை நடத்துகிறார். அப்போது அவர் தன் கட்டைவிரலைக் காட்டினார். நகத்துக்கடியில் கறுப்பாக ரத்தம் கட்டியிருந்தது. "பெருசு ரெண்டு, நடுவுல விரல். பெருசு வாங்கினா சட்டையை மூடும், தோலையும் சேர்த்து மூடும்."

பிறகு பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை ஒன்றை எடுத்தார். "இது ஒரு கிலோ தாங்கும்னு போட்டிருப்பான். அது நேரா இழுத்தா. பக்கவாட்டுல வழுக்கினா அதுல கால்வாசிகூட நிக்காது. நடுவுல துணி இருந்தா இன்னும் குறையும். சட்டை எப்பவும் பக்கவாட்டுலதான் இழுபடும். அண்ணனுக்கு வயிறு எப்படி?"

"எட்டு மாசமா வீட்ல உக்காந்திருக்காரு."

"அப்போ இதுக்கு அடுத்த சைஸ். சட்டையையும் ரெண்டு இஞ்சு லூசாத் தைங்க." வில்லைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பிரித்து, ஒட்டிக்கொள்ளும் முகத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துக் கொடுத்தார். "போன், பேங்க் கார்டு பக்கம் கொண்டு போயிடாதீங்க. கார்டோட கறுப்புப் பட்டையில பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அண்ணனின் பர்ஸிலிருந்த கார்டையெல்லாம் பிடுங்கி அண்ணியிடம் கொடுத்தேன். எனக்கா தெரியாது.

தைக்க உட்கார்ந்தால் வேறு கூத்து. என் மெஷின் முழுக்க இரும்பு. காந்தம் துணியோடு தாவிப் போய்த் தகட்டில் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குண்டூசி டப்பாவே எழுந்து வந்தது. கடைசியில் மெஷினில் சின்னச் சின்னப் பைகளை மட்டும் தைத்து, காந்தத்தை உள்ளே நழுவவிட்டு, வாயைக் கைத்தையலில் மூடினேன். வெளியே பார்வைக்கு ஏழு பொத்தான். ஞாயிறு மதியம் சட்டை முடிந்தது. தூக்கிப் பிடித்தேன், டக் டக்கென்று தானாகவே மூடிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே விட்டிருந்தால் நான் மனுஷி. தைத்து முடித்த சட்டையை இஸ்திரி போடாமல் கொடுத்ததாக என் சரித்திரத்திலேயே கிடையாது. பழக்கதோஷம். பெட்டியை நன்றாகச் சூடேற்றி, பொத்தான் பட்டி மேல் அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். விறைப்பாக வந்தது. மூடிப் பார்த்தேன். மூடவில்லை. பட்டி இரண்டும் முன்பின் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு பக்கம் தொங்கின.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"இஸ்திரி போட்டீங்களா?" என்றார்.

"தையல்காரி பின்ன என்ன செய்வா?"

"எண்பது டிகிரி தாண்டினா அதோட பலம் போயிடும்மா. நான் சட்டைன்னு கேட்டேனே தவிர, இஸ்திரின்னு யோசிக்கல. தப்பு என்னோடதும்தான். வாங்க, கடையைத் திறக்கறேன்."

அந்த நல்ல மனிதரை முந்தின நாள் மனதுக்குள் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பதினாலு வில்லையும் மாற்றியாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அண்ணி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.

திங்கள் காலை அண்ணன் சட்டையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணியும் நானும் வெளியே காதைக் கதவில் வைத்து நின்றோம். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டக். அண்ணி என் கையைப் பிடித்தாள். இரண்டு. மூன்று. நாலாவதில் ஏதோ வழுக்கியது, அண்ணன் யாரையோ வைதார், அது மறுபடி டக்கென்றது. ஏழாவது சத்தம் கேட்டதும் அண்ணி கதவிலிருந்து காதை எடுக்காமலே சிரித்தாள். அவர் வெளியே வந்தபோது நாங்கள் இருவரும் அடுப்படியில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

பதினோரு மணிக்கு அண்ணியிடமிருந்து போன். "அவர் கூப்பிட்டாரு. அவர் குடுத்த சாவி எதுவுமே வேலை செய்யலையாம். ஆளுங்க சத்தம் போடறாங்களாம். நீ போய்ப் பாரேன்."

வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

வரவேற்பு மேசைக்கு முன்னால் எட்டுப் பத்துப் பேர் கையில் சாவி அட்டையோடு நின்றார்கள். அட்டையை உரசினால்தான் அந்த விடுதியில் அறை திறக்கும், ஒருவருக்கும் திறக்கவில்லை. மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணன் வேர்த்துக் கொட்ட ஓர் அட்டையை மறுபடி பதிவு செய்து எடுத்தார். உறையில் அறை எண் எழுத வேண்டும், இருப்பது ஒரே கை. அதனால் அட்டையை மடங்கிய வலது கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே செருகிக்கொண்டு, இடது கையால் எழுதினார். அட்டையின் கறுப்புப் பட்டை சரியாக மூன்றாவது பொத்தான் மேல் படுத்திருந்தது.

"அண்ணே, சட்டை" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. மேனேஜரிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். காந்தம் என்னுடையது, தப்பும் என்னுடையது, பர்ஸில் இருந்த கார்டை எடுத்தேனே தவிர அவர் வேலையே கார்டுதான் என்று யோசிக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணன் பக்கம் திரும்பிப் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. அத்தனை பேர் முன்னால், புத்தியை எங்கே அடகு வைத்தாய் என்பதில் தொடங்கி, மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தார். ஒரு தட்டை மேசை மேல் நங்கென்று வைத்தார். "இனிமே கார்டு இதுலதான் இருக்கணும், உன் நெஞ்சுல இல்ல" என்றுவிட்டு உள்ளே போனார்.

நான் பயந்தபடியே அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் வாய் கொள்ளாத சிரிப்பு.

"என்னண்ணே, வேலை போச்சா?"

"போகல. 'இனிமே'ன்னு சொன்னாருல்ல, அப்போ நாளைக்கும் வரணும். அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் வாசல்லயே நிக்க வைப்பேன்னு காலையிலயே சொல்லிட்டாரு."

"அதுக்கா சிரிக்கிற?"

"எட்டு மாசமா என்கிட்ட யாருமே சத்தமா பேசல. நீகூட பேசல. எல்லாரும் பாவம், பாவம்னு மெதுவாவே பேசினீங்க. இந்த ஆளு கை வராதவன்னுகூட பாக்காம, எல்லாரையும் திட்டற மாதிரியே என்னையும் திட்டிட்டாரு."

கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, வரிசையைப் பார்த்து இடது கையை நீட்டினார்.

"அடுத்தது யாருங்க?"