சுண்ணாம்புச் சாக்கு

அய்யப்பன் கண்ணாத்தாளுக்குத் தர வேண்டியது ஏழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அவள் தலை தெரிந்தாலே சந்து மாறிப் போகிறவன், அன்றைக்குக் கறம்பக்குடி பஸ் நிறுத்தத்தில் வசமாக மாட்டிக்கொண்டான். அவளோ திட்டாமல் சிரித்தாள்.

“என்னடா, பேயக் கண்டவன் மாதிரி முழிக்கிற? ஒன் வட்டியில முந்நூறு கழிச்சிட்டேன். ஒங்க கம்பெனி வேலிக்கு வெளிய ரெண்டு சாக்குச் சுண்ணாம்பு கேப்பாரில்லாம கெடந்துச்சு. தூக்கியாந்து கெணத்துல கொட்டுனேன். கலங்கிக் கெடந்த தண்ணி கண்ணாடி கணக்கா தெளிஞ்சிருச்சு. அந்தச் சந்தோஷத்துலதான் கழிச்சேன்.”

அய்யப்பன் பஸ்ஸை மறந்து அவள் பக்கம் திரும்பினான்.

இரும்புச் சாமான்களுக்குக் குரோமியம் பூசுகிற கம்பெனி அது. கழுவிவிட்ட தண்ணீர் கொடிய விஷமாக, மஞ்சளாக வரும். மருந்து போட்டு அதைப் பச்சையாக்கி, சுண்ணாம்பு கலந்து, விஷத்தைச் சேறாக அடியில் தங்கவைப்பது அவன் வேலை. காய்ந்து வெளிறிய சேற்றைச் சுண்ணாம்பு வந்த சாக்கிலேயே கட்டுவார்கள். ஏற்றிப்போக லாரி வராததால் மூட்டைகள் வேலிக்கு வெளியே கிடந்தன. ‘வெளிய மூச்சு விட்டா வேலை காலி’ என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

“எப்பக்கா கொட்டுனீங்க?”

“முந்தாநாளு.”

“யாரும் குடிச்சீங்களா?”

“குடிக்காம? அமுதவல்லி செம்பு செம்பா குடிக்கிறா. பிள்ளத்தாச்சிக்குத் தாகம் அடங்குமா?”

அமுதவல்லி, ஏழு மாத வயிற்றோடு தாய்வீடு வந்திருக்கும் மகள்.

“அக்கா, அது சுண்ணாம்பு இல்லக்கா!”

வீட்டுக்கு ஓட்டமாக ஓடினார்கள். அமுதவல்லி வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அதே தண்ணீர், பாதிச் செம்பு. “காலையிலேர்ந்து பெரட்டுதும்மா,” என்றாள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி போகும்வரை ஆட்டோவில் கண்ணாத்தாள் அவன் மணிக்கட்டை விடவில்லை. “ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுடா.”

“என்ன குடிச்சாங்க?” என்றார் டாக்டரம்மா.

வேலை போனால் அடுப்பு எரியாது. அமுதவல்லி இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அய்யப்பனையே பார்த்தாள்.

“குரோமியச் சேறுங்கம்மா. எங்க கம்பெனிச் சேறு. கெணத்துல கலந்துருச்சு. சில நாளு மருந்து பத்தாது, மஞ்ச விஷமும் அதுல நிக்கும்.”

டாக்டரம்மா முகம் மாறியது. நர்சைக் கூப்பிட்டார். மகளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் கண்ணாத்தாளுக்கு வேறொன்று உறைத்தது.

“டேய், பக்கத்து நாலு வீடும் அதுலதான்டா மொள்ளுது. ஓடு. ஒருத்தரும் வாளி போடக் கூடாது. நான் வார வரைக்கும் கெணத்தடிய விட்டு நகராத. ஒங் கடன் இத்தோட சரி.”