ஐம்பத்தாறு கிலோ

அமெர்லே ஐம்பத்திரண்டு கிலோ. கொர்க்கோய் அறுபது. கடலோரப் பேட்டையான புக்கோமில் குத்துச்சண்டை போடும் ஆண்கள் தடுக்கி விழுந்தால் தட்டுப்படுவார்கள், பெண்கள் அப்படியா? அதிலும் ஒரே எடையில் இருவர் வேண்டுமென்றால் எங்கே போவது? லண்டன்காரர் ஒருவர் வந்திறங்கி, இவர்கள் இருவரும் மோதி, அதில் ஜெயிப்பவளை அங்கே கூட்டிப்போய்ச் சண்டை போடவைப்பதாகச் சொன்னதும் ஊரே பரபரத்துப் போனது. அமெர்லேக்குச் சோறே இறங்கவில்லை. கையுறை மாட்டிய நாள் முதல் அவள் கேட்டுக் காத்திருந்தது இந்த ஒரு வாய்ப்பைத்தான்.

கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில், எந்த எடையில் மோதுவது என்று பேச்சுவார்த்தை நடந்தது. அமெர்லேயின் கோச் லான்குவே ஐம்பத்துநான்கு என்றார். கொர்க்கோயின் கோச் ஒகாய் ஐம்பத்தெட்டு என்றார். இரண்டு பேருக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து கத்தினார்கள். கடைசியில் நடுவாக ஐம்பத்தாறில் வந்து நின்றது. அதோடு முடிந்திருக்கலாம். ஒகாய் விடவில்லை.

"என் பிள்ளை பட்டினி கெடந்து நாலு கிலோ எறங்குவா, உன் பிள்ளை காலாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாளா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

பேசி முடித்த எடை என்பது மேல் வரம்புதான், அதற்குக் கீழே இருப்பவளை யாரும் எங்கேயும் ஏறச் சொல்வதில்லை என்று லண்டன்காரர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். யார் காதில் விழுந்தது? புக்கோமில் பாதி என்றால் பாதிதான். அவள் நாலு இறங்கினால் இவள் நாலு ஏற வேண்டும். லான்குவேயும் வீறாப்பில், ஏறுவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அமெர்லேக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. இறங்குகிற நாலும் ஏறுகிற நாலும் ஒன்றுதானா? கோச்சிடம் கேட்டாள். தராசுக்கு ஒன்றுதான் என்று சொல்லி அவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

அதன்பிறகு நியாயத்தைத் தெரு கையில் எடுத்துக்கொண்டது. கென்கே விற்கும் ஃபோஃபோ அக்கா, அந்தப் புளித்த சோளமாவு உருண்டை கூடுதலாக ஒன்றும் பொரித்த மீனும் வைக்காமல் அமெர்லேயை அனுப்பமாட்டாள். போகிற வழியில் வேர்க்கடலையைக் கையில் திணித்தார்கள். மறுத்தால் கோபித்துக்கொண்டார்கள். அதுவே கொர்க்கோய் வந்து நின்றால் ஃபோஃபோ அக்கா பானையை மூடிவிடுவாள். ஊர் பார்க்கிறது, பேச்சு மாறக்கூடாது என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்புவாள். இப்படியும் ஒரு கறார்!

நாளாக நாளாகக் கயிறு தாண்டும்போது அமெர்லேயின் கால்கள் தாமதமாகத் தரையிறங்கின. எடை ஏறினால் பலமும் ஏறும் என்றார் லான்குவே. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கொர்க்கோய்க்கு எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ளாமல் தலை வெடித்துவிடும் போலிருந்தது. எதிராளி என்றும் பார்க்காமல் தேடிப்போனாள்.

உச்சி வெயிலில், பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கொர்க்கோய் மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். அமெர்லேயைப் பார்த்ததும் நின்று, ஒரு டப்பாவில் துப்பினாள். எச்சிலும் எடைதானே. ஆனால் துப்புவதற்கு ஒன்றும் வரவில்லை.

"தண்ணி குடிச்சு எவ்வளவு நேரமாச்சுக்கா?"

"அந்தப் பேச்சையே எடுக்காதடி. உனக்கு எப்படி இருக்கு?"

"யாரையோ இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டே நடக்குற மாதிரி இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். கொர்க்கோயின் உதடு சிரித்ததில் வெடித்தது.

சண்டைக்கு முந்தைய நாள் எடை பார்த்தார்கள். முதலில் அமெர்லே ஏறினாள், ஐம்பத்தாறு. பிறகு கொர்க்கோய், அதுவும் ஐம்பத்தாறு. கூட்டம் தானே ஜெயித்ததுபோல் கைதட்டியது. லான்குவேயும் ஒகாயும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கொர்க்கோயை மட்டும் முழங்கையைப் பிடித்துத் தராசிலிருந்து இறக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மாலை வளையத்துக்குள் வந்த கொர்க்கோய் வேறு ஆளாக இருந்தாள். ஒரு நாள் முழுக்கக் குடித்தும் தின்றும் அவளுடைய தோள்கள் திரும்பி வந்திருந்தன. அமெர்லேயின் சாமர்த்தியமெல்லாம் காலில்தான். உள்ளே புகுந்து ஒரு குத்து, உடனே வெளியே. அன்றைக்கு உள்ளே போக முடிந்தது, வெளியே வரத்தான் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் விலாவில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவளுடைய சந்தேகத்துக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. கொர்க்கோய் இழந்ததில் பாதிக்குமேல் தண்ணீர், போனது, வந்துவிட்டது. இவள் ஏற்றியது கென்கே. இடுப்பில் சும்மா உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தது.

தீர்ப்பு கொர்க்கோய் பக்கம் போனது. அமெர்லேக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின. லான்குவே மேல், ஒகாய் மேல், மீன் பொரித்த ஃபோஃபோ அக்கா மேல்கூட. லண்டன் கைநழுவிப் போய்விட்டது. இருந்தாலும் வாழ்த்தாமல் போவது முறையில்லை என்று உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

ஜெயித்தவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"அந்த ஆளு வந்துட்டுப் போனாரு. அடுத்த மாசமாம், லண்டன்ல. அதே அம்பத்தாறுக்கு வரணுமாம்."

"அறுபதுன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"சொன்னேன். நேத்து தராசு அம்பத்தாறுதானே காட்டுச்சுன்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல? காலையில ஒண்ணுக்குப் போனா கட்டங்காப்பி மாதிரி போகுது. ஒகாய்கிட்டகூடச் சொல்லல."

"போகாத" என்று சொல்ல அமெர்லே வாயெடுத்தாள். கொர்க்கோய் முந்திக்கொண்டாள்.

"நான் முடியாதுன்னா உன்னைக் கூப்பிடுவாராம். நீயும் அம்பத்தாறு காட்டினவதானே. இப்ப சொல்லு, நான் போகவா வேண்டாமா?"

இப்போது போகாதே என்று சொன்னால் யாருக்காகச் சொன்னதாகும்? அமெர்லேக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால், லண்டன் என்றதும் மனம் ஒரு கணம் துள்ளியது நிஜம். விலாவைத் தொட்டுப் பார்த்தாள். வலித்தது. இந்த உடம்போடு போனால் அங்கேயும் இதே அடிதான்.

"போகாதக்கா. எனக்காகச் சொல்றேன்னு நெனச்சாலும் பரவாயில்ல, போகாத. நானும் போகல."

"அப்ப அவருக்கு என்ன பதில் சொல்றது?"

அமெர்லே கையைக் கொடுத்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். நிற்கும்போது கொர்க்கோயின் முழுக் கனமும் அவள் தோளில் விழுந்தது.

"அறுபதுன்னா நீ இருக்க, அம்பத்திரண்டுன்னா நான் இருக்கேன். அம்பத்தாறுக்கு புக்கோம்ல ஆளே கெடையாதுன்னு சொல்லுவோம், வா."

லண்டன்காரர் வெளியே காரில் ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள்.