அமைதியான பெண்ணுக்கான பரிசு

"முட்டியைக் காட்டு" என்றாள் அத்தை.

நான்கு வயதுக்காரி கவுனைத் தூக்கிக் காட்டினாள். வீடே குனிந்து பார்த்தது. கடலை அளவுக்குத் தோல் பெயர்ந்திருந்தது. ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது, விசாரணைதான் நிற்கவில்லை.

"எப்படி விழுந்தே?"

"ஓடினேன் அத்தை."

"எதுக்கு ஓடினே? யாராச்சும் தொரத்தினாங்களா?"

"இல்ல. சும்மா."

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். யாராவது துரத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். சும்மா ஓடுகிற பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அத்தை கல்யாணத் தரகர். வீட்டின் முன்னறைதான் அவள் அலுவலகம். எந்தப் பெண்ணின் மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பெண்ணுக்கு எதனால் சம்பந்தம் தட்டிப்போயிற்று என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில்.

"போன மாசம் ஒரு பொண்ணுக்கு நெத்தியில சின்ன வடு. அதுக்கே ஒரு சம்பந்தம் போச்சு. இது முட்டி. நாளைக்கு இவளை எவன் தலையில கட்டுறது?" என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கேட்டாள்.

தம்பி மனைவி, அதாவது குழந்தையின் அம்மா, அதே தெருவிலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். அங்கே அவளுக்குப் பெயர் மிஸ். மகளும் அங்கேதான் விளையாடினாள், அங்கேதான் விழுந்தாள். ஆக, குற்றவாளிக்கும் சாட்சிக்கும் ஒரே வீடு.

"இன்னைக்கு ஒரு பையனும் விழுந்தான் அண்ணி. நெத்தி பொடைச்சுப் போச்சு. அவங்கப்பா வந்து தட்டிக்கொடுத்துக் கூட்டிட்டுப் போனாரு."

"அவன் ஆம்பளப் புள்ள."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மிஸ்ஸின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மேலும் கீழுமாகப் போய்வந்து பழகியதாலோ என்னவோ, வீட்டுச் சண்டையில் எந்தத் தளத்திலும் நிற்கமாட்டார். "அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். "நீ சொல்றதுலயும்" என்றும் சேர்த்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மறுநாள் அத்தை நேராகக் காப்பகத்துக்கே போய்விட்டாள். அதை நடத்திவந்த மேடம் தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லியிருந்தார். அதனால் நாற்காலி உடனே கிடைத்தது. முட்டி பற்றிப் பேசினாள். வெயில் பட்டுக் கறுப்பது பற்றிப் பேசினாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த இன்னும் இரண்டு அம்மாக்கள் நின்று கேட்டுத் தலையாட்டினார்கள்.

அந்த வாரமே புது ஏற்பாடு வந்தது. பையன்களுக்கு முற்றம்: மணல், சறுக்குமரம், பந்து. பெண் பிள்ளைகளுக்கு உள்ளறையில் பாய், மணி கோர்த்தல்.

"மேடம், இந்த வயசுல ஓடியாடினாத்தான் பசி எடுக்கும், தூக்கம் வரும். கை கால் உறுதியாகும்" என்றாள் மிஸ்.

"எனக்குத் தெரியாதா? ஆனா பிள்ளையை அனுப்புறது அவங்கதானே. நீங்களே அம்மா, நீங்களே மிஸ். ரெண்டு பக்கமும் உங்களுக்குத்தான் நல்லாப் புரியும்."

ரெண்டு பக்கமும் புரிந்தது. ஆனாலும் வேலை வேண்டுமே. மிஸ் பாயை விரித்தாள்.

முதல் சில நாட்கள் உள்ளறையில் ஒரே ரகளை. ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினாள். ஒருத்தி மணியை மூக்கில் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு டப்பாக்கள் பாதியோடு திரும்பின. மத்தியானம் பையன்கள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்கள். பெண் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தார்கள். பிறகு சத்தம் குறைந்தது. பழகிவிட்டார்கள் என்றார் மேடம்.

எல்லாரையும்விட நன்றாகப் பழகியவள் மிஸ்ஸின் மகள்தான். உட்கார் என்றால் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள். வீட்டிலும் சுவரோரமாக உட்கார்ந்து விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கா" என்று அத்தை திருஷ்டி கழிக்காத குறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். ஊஞ்சல் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"போ கண்ணு, போய் ஆடு."

"வேணாம்மா. நான் இங்கயே இருக்கேன். நான் நல்ல பொண்ணு."

அம்மா அவள் பக்கத்தில் குனிந்தாள். காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. இருந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம்.

ஆண்டு விழா வந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு, பெற்றோரை உட்காரவைத்து, பையன்களுக்கு ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள். இருவர் விழுந்தார்கள்; எல்லாரும் கைதட்டினார்கள். பெண் பிள்ளைகள் ஓரமாகக் குட்டி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு பரிசு இருந்தது.

"இந்த வருஷத்தோட அமைதியான பெண்!" என்று மேடம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

மிஸ்ஸின் மகள்தான். அத்தை எழுந்து நின்று கைதட்டினாள். குழந்தை மேடையேறி, ஒரு பொம்மையை வாங்கி, யாரும் சொல்லாமலே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

மிஸ் தண்ணீர்க் குவளைகள் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். மகளிடம் போய்க் குனிந்தாள்.

"ஓடு" என்றாள்.

குழந்தை அத்தையைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

"எதுவரைக்கும்மா?"

"உனக்கு மூச்சு வாங்குற வரைக்கும்."

"திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க. என்னைத்தான். நீ ஓடு."

முதலில் நடந்தாள். பிறகு கொஞ்சம் வேகமாக நடந்தாள். சறுக்குமரத்தைத் தாண்டியதும் கால்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் கத்திக்கொண்டே ஓடினாள். என்ன கத்தினாள் என்று யாருக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது.

"ஏய், பிடிங்க அவளை!" என்று அத்தை எழுந்தாள். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"இல்ல அண்ணி. இத்தனை நாளாத்தான் கெட்டுப்போயிருந்துச்சு."

கணவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் மகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேடம் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு மிஸ்ஸிடம் வந்தார்.

"இனிமே உங்களை வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு நாளைக்குப் பேசிக்கலாம். முதல்ல அந்தப் பொம்மையைத் திருப்பிக் குடுங்க. அடுத்தபடியா அமைதியா இருக்கிற பொண்ணுக்குக் குடுக்கணும்."

மகள் விட்டுவிட்டுப் போன பொம்மையை மிஸ் எடுத்து நீட்டினாள். மேடம் அதை வாங்கிக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று நாற்காலி வரிசைப் பக்கம் திரும்பினார்.

நாற்காலிகளில் யாரும் இல்லை.