ஐந்தாம் பாரம்

அந்தமான் மழையில் எந்தப் புத்தகமும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் முதுகோடு இருப்பதில்லை. முதுகை ஒட்டியிருப்பது மைதாப் பசை. ஈரக்காற்று பட்டுப் பட்டு அது இளகும். இளகியதைப் பூச்சி தின்னும். கடைசியில் தைத்த நூலும் இற்றுப்போகும். ஒரு நாள் எவனாவது ஒருவன் ஆசையாகக் கையில் எடுக்கும்போது அட்டை ஒரு பக்கம், உள்ளிருப்பது ஒரு பக்கமாகப் பிரிந்து வரும். புத்தகம் ஒரே கட்டாகச் செய்யப்பட்டதல்ல என்பது அப்போதுதான் தெரியும். பெரிய தாள் ஒன்றின் இருபுறமும் எட்டெட்டுப் பக்கங்களை அச்சடித்து, மூன்று முறை மடித்தால், பதினாறு பக்கங்கள் கொண்ட மெல்லிய ஏடு ஒன்று கிடைக்கும். அச்சுக்காரர்கள் அதைப் பாரம் என்பார்கள். அப்படிப் பத்துப் பாரங்களை அடுக்கித் தைத்தால் நூற்றறுபது பக்கப் புத்தகம்.

புரோத்ராபூருக்குப் பக்கத்திலிருந்த நடுநிலைப் பள்ளியில் நூலகம் என்பது வராந்தாவில் நின்ற ஒரு மர அலமாரி. ஈரம் ஏறாமலிருக்க உள்ளே ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். மேல்தட்டு முழுக்க இந்தி, நடுத்தட்டு பெங்காலி, கீழே ஓர் ஓரத்தில் தமிழ். மெயின்லாந்திலிருந்து தமிழ்ப் புத்தகம் வருவது கப்பலையும் ஆபீஸையும் பொறுத்தது. பிள்ளைகள் அதிகம், புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி. அதனால் மங்கையர்க்கரசி டீச்சர், பிரிந்துபோன புத்தகங்களை மறுபடி தைக்கவில்லை. ஒவ்வொரு பாரத்துக்கும் தடித்த காகிதத்தில் தனிச் சட்டை போட்டு, மேலே எண் எழுதினார். பத்துப் பேருக்குப் பத்துப் பாரம். எது யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார். வெள்ளிக்கிழமை தோறும் அவரவர் பாரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே புத்தகத்தைப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் படிப்பார்கள். சிலருக்குக் கதை கடைசியிலிருந்து தொடங்கும். அதில் வந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை.

இதெல்லாம் ரஹ்மத்துன்னிசாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மகள் மஸூதாவின் துணிப்பெட்டியில், மடித்த தாவணிகளுக்கு நடுவே, பழுப்புச் சட்டை போட்ட ஒரு மெல்லிய ஏடு இருந்தது. காய்ச்சல் கண்ட அன்று சாயங்காலம் வரை அவள் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி. பிறகு மையத்தான்கொல்லையில் அடக்கம். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்துவிட்டது. ரஹ்மத்துன்னிசா காலையில் எழுந்தாள், உலை வைத்தாள், சோறு குழைந்தால் குழைந்ததையே வடித்தாள். அழுகை வருகிறதா என்று பார்க்க வந்த பெண்கள், வராததைப் பார்த்துவிட்டு அவர்களே அழுதுவிட்டுப் போனார்கள்.

முன்பக்கம் கடை. அரிசி, மண்ணெண்ணெய், கயிறு எல்லாம் விற்கும் அந்தக் கடையிலிருந்து ஒரு மத்தியானம் அவள் கணவன் நூர்முகம்மது குரல் கொடுத்தான். "இந்தா, மஸூதாவோட படிச்ச புள்ள வந்திருக்கு."

ஜெயமணி. பி.டபிள்யூ.டி. குவார்ட்டர்ஸ் பெண். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு நின்றாள்.

"மாமி, மஸூதாகிட்ட அஞ்சாம் பாரம் இருக்கு, பழுப்புச் சட்டை போட்டது. வாங்கிட்டுப் போலாம்னு."

"இங்க ஒண்ணும் இல்ல புள்ள."

பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. வாய் சொன்னது, அவ்வளவுதான்.

ஜெயமணி போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள்.

"டீச்சர் அனுப்பலை மாமி. கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நானாத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"அரே, எல்லாம் பந்த் ஆயிருச்சு மாமி! நாலாம் பாரத்துல தோணி நல்லா ஓடுது, உப்பு மூட்டை ஏத்திக்கிட்டு. ஆறுல பாத்தா பாதி முழுகிக் கெடக்கு, ஒரு மூட்டை இல்ல. நடுவுல என்னதான் ஆச்சு? எங்க கிளாஸ் உதயசூரியன் திமிங்கிலம்ங்கிறான். பெரிய ஆபீசராட்டம் பேசுவான், ஒண்ணும் தெரியாது. மத்த ஒன்பது பேரும் ஒன்பது பாரம் படிச்சாச்சு. அஞ்சு மட்டும் யாருக்கும் தெரியாது. மஸூதாவுக்கு மட்டுந்தான் தெரியும்."

சொன்ன பிறகே என்ன சொன்னோம் என்று புரிந்து, பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரஹ்மத்துன்னிசா அவளையே பார்த்தாள். "அவ வேற பாரம் படிக்கலியா?"

"இல்ல மாமி. சீட்டுல அவளுக்கு மொதல்லயே அஞ்சு விழுந்துச்சு. அடுத்த வெள்ளிக்கு வரல."

ரஹ்மத்துன்னிசா கீழக்கரையில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், அரிச்சுவடி படித்ததில்லை. ஆனால் எழுதத் தெரியாதவள் அல்ல. அவள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு உஸ்தாது வீட்டில் சொல்லிக்கொடுத்தது அரபுத்தமிழ். மொழி தமிழ்தான், எழுத்து அரபு. வலமிருந்து இடமாகப் போகும். அரபியில் இல்லாத ப, ட, ண போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப்போட்டுப் புது எழுத்துகள் செய்திருந்தார்கள். உம்மாவுக்குக் கடிதம், மருந்துக் குறிப்பு எல்லாம் அவளுக்கு அந்த எழுத்தில்தான். மகள் விட்டுப்போன ஏட்டை அவள் பலமுறை திறந்து பார்த்திருந்தாள். அது அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நூர்முகம்மதைப் படிக்கச் சொன்னாள். ஒரு வரி படித்தவன் ஏட்டை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

"இரி புள்ள," என்றாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஏட்டைக் கொண்டுவந்து ஜெயமணியின் கையில் வைத்தாள், பிடியை விடவில்லை.

"நீ வாசி. நான் எழுதிக்கிறேன். எழுதி முடிச்சப்புறம் கொண்டு போ."

கடையில் சீனி மடிக்கும் காகிதத்தை எடுத்துவந்து பலகைமேல் விரித்தாள். பென்சில் கடையில் இருந்தது.

எழுதுவது சுலபமாக இல்லை. ஜெயமணி வாசிக்கும் வேகத்துக்கு அவள் கை வரவில்லை.

"தண்டல் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். மாமி, தண்டல்னா யாரு?"

"தோணிய ஓட்டுற ஆளு. மெதுவா."

"பார்த்தான். எழுதியாச்சா? ஜல்தி மாமி, அடுத்ததுதான் புயல்."

"புயல் எங்கயும் போகாது. மெதுவா வாசி."

பள்ளி விட்டதும் ஜெயமணி வருவாள். இரண்டு பக்கம், சில நாள் மூன்று. ரஹ்மத்துன்னிசா ஒரு சொட்டு உணர்ச்சியும் இல்லாமல், மளிகைச் சீட்டு எழுதுவதுபோல எழுதினாள். புயல் வந்தது. தோணியில் தண்ணீர் ஏறியது. தண்டல் உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளச் சொன்னான். "மூட்டைய அவனே தள்ளிட்டானா! உதயசூரியா, நாளைக்கு நீ செத்தே!" என்று ஜெயமணி குதித்தாள். மகளும் இந்த இடத்தில் குதித்திருப்பாளா, படுத்துக்கொண்டே படித்திருப்பாளா என்று ரஹ்மத்துன்னிசா யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. ‘மூட்டை' என்பதில் ட-வுக்குப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனாள்.

பாரம் முடிகிற இடத்தில் கதை முடியவேண்டும் என்பதில்லை. தாளில் இடம் தீர்ந்தால் பாரம் தீர்ந்தது. வாக்கியமோ சொல்லோ எங்கே நின்றாலும் அச்சுக்காரருக்குக் கவலையில்லை. எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியை ஜெயமணி வாசித்தாள்.

"தண்டல் கையை உயர்த்தி, யாரும் அசை. அவ்வளவுதான் மாமி."

"அசையா? அசைன்னா?"

"பாதிதான் இருக்கு. மீதி ஆறாம் பாரத்துல. எனக்குத் தெரியும், மனப்பாடமே. சொல்லட்டா?"

பென்சில் காகிதத்தின்மேல் நின்றது. வெளியே மழை ஓடுகளில் இரைந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தபடி, சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம் புள்ள," என்றாள் ரஹ்மத்துன்னிசா. "அவ இம்புட்டுத்தான் படிச்சா."

‘அசை' என்று எழுதினாள். அதோடு நிறுத்தி, காகிதங்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டினாள். ஏட்டை எடுத்து, மழை படாமலிருக்க எண்ணெய்த் துணியில் சுற்றி ஜெயமணியிடம் நீட்டினாள். இந்த முறை அவள் கை உடனே விட்டது.

"டீச்சர்கிட்ட சொல்லு. கொஞ்சம் தாமசமாயிருச்சுன்னு."

"பரவால்ல மாமி. நம்ம லைப்ரரில ஃபைனெல்லாம் கெடையாது."

ஜெயமணி குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். சாரல் உள்ளே அடித்தது. ரஹ்மத்துன்னிசா கதவைச் சாத்திவிட்டு, உலை வைக்க எழுந்து போனாள்.