ஒரு படத்துக்கு இருபது பேர்

சேவைச் செம்மல் ராஜசேகரன், தமக்கு அந்தப் பட்டம் கிடைத்த நாள், கிழமை எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார். கொடுத்தது யார் என்று கேட்டால்தான் கொஞ்சம் தண்ணீர் குடிப்பார். கொடுத்தது பாசிர் கூடாங் முல்லைத் தாமான் குடியிருப்பின் இந்தியர் நலச் சங்கம். அதன் தலைவர் அவரேதான்.

சங்கத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை அங்கே பெண்கள் பூப்பந்து ஆடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அதைத் தொடங்கியவள் செல்வராணி. பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, வீட்டுக்கு வந்தால் சமையல். வாரத்தில் யாரும் அவளிடம் எதையும் கேட்காத நேரம் அந்த இரண்டு மணிதான்.

அந்த நேரத்தின் மேல் தலைவருக்குக் கண். மாதம் ஒரு சனிக்கிழமை அவர் நடத்தும் 'தலைமைத்துவச் சிந்தனை அரங்க'த்தை வாராவாரம் ஞாயிறு மாலையில் நடத்தத் தீர்மானித்திருந்தார். அரங்கத்தில் பேசுபவர் ஒருவரே. அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கிவிட்டால் பூப்பந்து வலையைச் சுருட்டிவிட வேண்டியதுதான். பதினோரு வருடமாகத் தலைவர் கேட்டு யாரும் கை தூக்காமல் இருந்ததில்லை.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு செல்வராணியைக் கூப்பிட்டார். சங்கத்தில் எக்செல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் பாவத்துக்காகத் துணைச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள்.

"மண்டபத்துக்கு மாசாமாசம் எத்தன பேர் வர்றாங்கன்னு காட்டணும்மா. என் அரங்கம் ஒரு பக்கம், உங்க பூப்பந்து ஒரு பக்கம். வெறும் கட்டம் கட்டமா வேணாம். படம் படமா அடுக்கிக் காட்டுவாங்களே, அந்த மாதிரி."

"செய்யலாம் தலைவரே. உங்க அரங்கத்துக்கு என்ன படம் போடட்டும்? மைக்?"

"மைக்கா? என் படம்லா!"

வாட்சாப்பில் உடனே வந்து விழுந்தது. பட்டு வேட்டி, தோளில் பொன்னாடை, கும்பிட்ட கை, காலில் பளபளக்கும் தோல் செருப்பு. உச்சி முதல் பாதம் வரை குறையில்லாத சேவைச் செம்மல்.

"ஒரு படம் எத்தன பேருக்குன்னு சொல்லணும். ஒரு ஆளுக்கு ஒரு படம்னு வச்சா சின்னச் சின்னதா மேல மேல நிக்கும்."

தலைவர் முகம் சுருங்கியது. "நானும் ஒரு ஆளும் ஒண்ணாம்மா?"

"அப்ப அஞ்சு பேருக்கு ஒண்ணு?"

"இருபது வை. அதுக்குக் கீழ வச்சா மரியாதையா இருக்காது."

"இருபது பேர் வரலன்னா படம் முழுசா தெரியாது தலைவரே. கால்லேருந்து ஆரம்பிச்சு, வந்த ஆளுங்க அளவுக்குத்தான்..."

"நூறு நாற்காலி போடுறோம் செல்வராணி, நூறு! அஞ்சு படம் வரிசையா ஏறி நிக்கும். எண்ணிக்க உன் வேல, அளவு என் வேல. சொன்னத மாத்தாத. உங்களுக்கு அந்த இறகுப்பந்து படத்தப் போட்டுக்க. ஆளுக்கு ஒண்ணு போதும். சின்ன விசயந்தான?"

தலைவர் பொய் சொல்லவில்லை. போட்ட நாற்காலியை எண்ணி வந்த கூட்டத்தைச் சொல்வது அந்தச் சங்கத்தின் வழக்கம். மேடை விளக்கில் கண் கூசும். முதல் வரிசைக்குப் பின்னால் அவருக்கு எதுவும் தெரியாது. பேச்சு முடிந்து மீகூன் சேமியா பரிமாறும்போது மண்டபம் உண்மையாகவே நிரம்பிவிடும். ஆனால் தட்டும் கரண்டியுமாக இருப்பவர்கள் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. செல்வராணி எக்செல்லில் ஏற்றியது அந்தப் புத்தகத்தை.

ஷிப்டு முடிந்த ஒரு மத்தியானம் அவள் வரைபடத்தைச் செய்தாள். பட்டைகளுக்குள் படத்தைப் போட்டு, அடுக்கச் சொல்லி, 'இருபது' என்று தட்டினாள். திரையைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இதைப் பார்த்தால் மனுசன் கோபத்தில் மண்டபத்துக்கே பூட்டுப் போடுவார். பார்க்காமல் மேடையில் காட்டினால் அது துரோகம். யோசித்து, அவருக்கே அனுப்பினாள்: 'கூட்டத்துக்கு முன்னால ஒரு தடவ திறந்து பாத்துருங்க தலைவரே.'

பதிலுக்குக் கும்பிடும் கை ஒன்று வந்தது. இரங்கல் செய்திக்கும் அவர் அதையேதான் அனுப்புவார். திறந்து பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆண்டுக் கூட்டம். நாற்பத்து இரண்டு உறுப்பினர்கள். "என் அரங்கத்தின் வளர்ச்சியை இப்போது கண்ணாரக் காண்பீர்கள்!" என்று தலைவர் முழங்க, செயலாளர் ஐயாசாமி பொத்தானைத் தட்டினார்.

திரையில் பூப்பந்துப் பக்கம் மாதத்துக்கு இருபத்து இரண்டு, இருபத்து நான்கு என்று இறகுப்பந்துகள் கோபுரம் கோபுரமாக நின்றன. பக்கத்தில் அரங்கம். ஜனவரியில் பொங்கலுக்குக் கரும்பு கொடுத்ததால் இருபத்து மூன்று பேர்: ஒரு முழுத் தலைவர், அவர் தலைமேல் செருப்புக்காலோடு ஏறி நிற்கும் இன்னொரு தலைவர். பிப்ரவரியில் ஒன்பது பேர். வேட்டி மட்டும், இடுப்புக்குக் கீழே. மே மாதம் முழங்கால். ஆகஸ்டில் இரண்டே பேர், அதிலும் ஒருவர் மைக் போட வந்தவர்: வெறும் செருப்பு.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. தலைவரின் மனைவி யோகேஸ்வரி. பூப்பந்து அணியில் அவர் அடிக்கும் பந்தை எடுக்க ஆளில்லை.

"எங்க வீட்டுக்காரர் செருப்புதான். தீபாவளிக்கு நான் வாங்கிக் குடுத்தது."

அவ்வளவுதான், மண்டபம் உடைந்தது.

"என்னம்மா இது? தலை எங்க?" என்றார் தலைவர்.

"இருபது பேருக்கு ஒண்ணு தலைவரே. நீங்க சொன்ன அளவு," என்றாள் செல்வராணி.

"பிப்ரவரியில இன்னும் பதினோரு பேர் வந்திருந்தா முகத்தப் பாத்திருக்கலாம்லா!" என்று பின்னாலிருந்து ஹேமநாதன் கத்தினார். லாரி ஓட்டுபவர், குரலும் லாரிக்கு ஏற்றதுதான்.

செல்வராணி எழுந்து நின்றாள். "ஒரே ஒரு வார்த்த. வாரம் பூரா மிஷினோட நிக்கிறோம், அப்புறம் அடுப்போட நிக்கிறோம். ஓடி ஆடுறது அந்த ரெண்டு மணி நேரந்தான். அத மட்டும் விட்டுருங்க. சனிக்கெழம உங்க அரங்கத்துக்கு நாங்களே வந்து உக்காருறோம்."

"பேச்சு முடியற வரைக்குமா?" என்றார் ஹேமநாதன்.

மறுபடியும் சிரிப்பு. அதற்குள் ஐயாசாமி, "ஞாயித்துக்கெழம பூப்பந்துக்கே இருக்கட்டுங்கிறவங்க கையத் தூக்குங்க!" என்றார்.

கைகள் எழுந்தன. சிலர் கை தட்டினார்கள், சிலர் மேசையைத் தட்டினார்கள். தலைவர் பொறுக்க முடியாமல் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி, "அமைதி! அமைதி!" என்றார்.

ஐயாசாமி பேனாவால் ஒவ்வொன்றாகக் குத்திக் குத்தி எண்ணினார். "முப்பத்தொம்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு... தலைவரே, நீங்க ஒரு கை தூக்குனா போதும். நாப்பத்தி ரெண்டு! ஏகமனதா நெறவேறிடுச்சு!"

தலைவரின் கைகள் அந்தரத்தில் நின்றன. இறக்கினால் எதிர்ப்பு, ஏகமனது போய்விடும். பதினோரு வருடத்தில் எந்தத் தீர்மானத்திலும் அந்தச் சொல்லை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. நாற்பத்து ஒரு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைகள் மெல்ல இறங்கி நெஞ்சுக்கு நேரே குவிந்தன.

"மகளிர் முன்னேற்றத்துக்காக நான் என்றைக்கும்..." என்று தொடங்கினார்.

கைத்தட்டல் கூரையை முட்டியது. அவருக்கே ஆச்சரியம். படம் காட்ட மேடை விளக்கை அணைத்திருந்ததால் கடைசி வரிசை வரை முகங்கள் தெரிந்தன, எல்லாம் சிரித்த முகங்கள். உற்சாகம் பிடித்துக்கொண்டது. யாரும் எழுந்து போகவும் இல்லை.

செல்வராணி யோகேஸ்வரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, ஆறு மணிக்கு வல கட்டணும்."

யோகேஸ்வரி மேடையைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"கட்டலாம்டி. அதுக்குள்ள முடிச்சிருவாரு."