போட்டோவில் 1:16

வேல்பாண்டி யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவார். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு ஊற்றுகிறவரின் கையையும் பார்ப்பார். அப்படிப்பட்டவர், மகள் முனீஸ்வரி ஓடிப் பழகுகிற மைதானத்தை மட்டும் சும்மா விடுவாரா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே இருந்தது அந்த மைதானம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற தங்கப்பாண்டியன், போலீஸ் தேர்வுக்குப் போகும் பெண்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். நானூறு மீட்டரை ஒரு நிமிடம் பதினாறு நொடிக்குள் ஓடுகிறவர்களை மட்டும் தேர்வு முடியும்வரை தங்கவைத்து, சாப்பாடும் போட்டுப் பழக்குவார். முனீஸ்வரிக்கு அந்த இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று தாய்மாமன்மார் காத்திருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை அவள் ஓடி முடித்தபோது ஹவில்தார் நோட்டில் 1:18 என்று எழுதினார். ஓடி வருகிறவளையும், கோட்டருகே நிற்கும் பெரிய டிஜிட்டல் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் பிடிப்பது அங்கே ஒவ்வொரு வீட்டாருக்கும் வழக்கம். வேல்பாண்டியும் பிடித்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவருக்கு ரத்தம் கொதித்தது. மகளின் கால் கோட்டின் மேல் இருந்தது. கடிகாரத்தில் 1:16.

அதே நாளில் இந்து என்ற பெண்ணுக்கு ஹவில்தார் 1:16 எழுதியிருந்தார். மைதானம் இந்துவின் அப்பாவுக்குச் சொந்தம். வேல்பாண்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? படத்தைப் பயிற்சிக்கு வரும் வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கீழே எழுதினார். பிறகு நேராக ஹவில்தாரிடம் போனார்.

"இந்த எட்டு எங்கேருந்து வந்துச்சு? யாருக்காக வந்துச்சு?"

தங்கப்பாண்டியன் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "நான் கண்ணால பாத்து எழுதினேன் அண்ணாச்சி. சந்தேகம்னா கடிகாரத்தைத் தூக்கிட்டுப் போங்க. ராஜபாளையத்துல ஜெர்வின்னு ஒருத்தர்தான் சர்வீஸ் பண்ணுதாரு. அவர்ட்டயே கேளுங்க."

அவ்வளவு தாராளமாகக் கொடுத்ததே வேல்பாண்டிக்கு உறுத்தியது. பைக்கில் மகளைப் பின்னால் உட்காரவைத்து, கடிகாரத்தை அவள் மடியில் கொடுத்துக் கிளம்பினார். ஹவில்தார் போன் போட்டு ஜெர்வினை முன்கூட்டியே உஷார்ப்படுத்திவிடுவார் என்று வழியெல்லாம் மனம் கணக்குப் போட்டது. முனீஸ்வரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாவம், பிள்ளை மனமுடைந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெர்வினின் கடை பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. மேஜையில் கிடந்த ஜெர்வினின் போனை வேல்பாண்டி முதலில் நோட்டம் விட்டார். அது சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. அதுகூட நடிப்பாக இருக்கலாம்.

விஷயத்தைக் கேட்டு, படத்தையும் பார்த்த ஜெர்வின் கடிகாரத்தை 1:18-இல் நிறுத்தினார். "ஒங்க போன்லயே எடுங்க அண்ணாச்சி. பத்துப் படம் எடுங்க."

வேல்பாண்டி எடுத்தார். ஒன்றில் 1:18. அடுத்ததில் 1:16. இன்னொன்றில் எட்டின் அடிக்கோடே இல்லை. கடிகாரம் அசையாமல் 1:18-இல்தான் நின்றது.

"எட்டுல ஏழு கோடு இருக்கு. ஏழும் ஒண்ணா எரியாது, ஒண்ணொண்ணா எரிஞ்சு அணையும்" என்றார் ஜெர்வின். "வேகமாச் சுத்துனா நம்ம கண்ணுக்கு மொத்தமா எரியுத மாதிரி இருக்கும். பேட்டரி மதியம்வரை தாங்கணும்னு ஹவில்தார் கேட்டாருன்னு நாந்தான் வேகத்தைக் கொறைச்சு வச்சேன். அதான் லேசாத் துடிக்குது. கண்ணு சமாளிச்சிரும். போன் அந்த நேரத்துல எது எரியுதோ அதை மட்டும் பிடிக்கும். மேல வலப்பக்கக் கோடு விட்டுப்போனா எட்டு ஆறாயிரும். தப்பு என்னோடதுதான்."

வேல்பாண்டி கடிகாரத்தை உற்றுப் பார்த்தார். ஆமாம், விளக்குத்திரி போல ஒரு சின்ன நடுக்கம். இருந்தாலும் அவருடைய சந்தேகம் அத்தனை சீக்கிரம் படுத்துவிடுகிற சந்தேகமா?

"சரி. படம் பொய்யாவே இருக்கட்டும். அன்னைக்கு அவர் எழுதுனது மட்டும் நெசம்னு எப்படித் தெரியும்?"

"நெசம்தாம்பா" என்றாள் முனீஸ்வரி. "கோட்டைத் தாண்டும்போது நான் பாத்தேன். ஒண்ணு பதினெட்டு."

"ஏட்டி, இதை ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க எல்லாரையும் கேட்டீக. என்னைய மட்டும் கேக்கலயே."

ஜெர்வின் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜெர்வின் கோடுகள் எரியும் வேகத்தைக் கூட்டினார். பேட்டரி தாங்க வேண்டுமே என்று வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தார். வெயிலில் எண் மங்கிவிடாமலிருக்கத் தகரத்தை வளைத்து மேலே தொப்பி மாதிரி மாட்டினார். மறுபடி பத்துப் படம் எடுக்கச் சொன்னார். பத்திலும் 1:18. அந்தப் பத்தையும் வேல்பாண்டி ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

குழுவில் போட்டதை அழித்தார். ஆனால் அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். பேச்சு வேண்டாம், எல்லோரும் மறுபடி ஓடட்டும் என்று ஹவில்தார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை இந்து 1:15-இல் வந்தாள். அவளுடைய அப்பா வேல்பாண்டி நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்தது முனீஸ்வரி. வேல்பாண்டியின் கை பழக்கத்தில் போனை எடுத்தது. பிறகு சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டார். கடைசி வளைவில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தபோது கடிகார நினைப்பே அவருக்கு வரவில்லை. அவள் கோட்டைத் தாண்டி, அவர் கடிகாரத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது 1:19-ஐக் காட்டிக்கொண்டு மேலே ஓடியது.

ஹவில்தார் நோட்டில் எழுதினார். "ஒண்ணு பதினாறு. முனீஸ்வரிக்கு இடம் உண்டு."

சந்தோஷம் வருவதற்கு முன் சந்தேகம் வந்தது. நம்ம வாய்க்குப் பயந்து எழுதிவிட்டாரோ? தனக்குச் சாதகமான ஒன்றின் மேல் சந்தேகம் வந்தது வேல்பாண்டிக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மற்ற சந்தேகங்களைவிட அது அதிகமாக வலித்தது.

முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மகளிடம் போனார்.

"எம்புட்டு தாயி?"

"ஒண்ணு பதினாறுப்பா."

தன் இடமே போனாலும் போகட்டும் என்று பதினெட்டைச் சொன்ன அதே வாய்.

"இந்தாங்க அண்ணாச்சி, நோட்டைப் பாத்துக்கிடுங்க" என்று ஹவில்தார் நீட்டினார்.

"வேண்டாங்க" என்றார் வேல்பாண்டி. "பிள்ளை சொல்லிட்டா."